15 நிமிட ஆபரேஷனும் 147 சொட்டு மருந்தும்

கண்புரை ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் இப்ப ஒண்ணுமே இல்லப்பா, பதினைஞ்சு நிமிஷம்" என்பார்கள். உண்மைதான். தையல் கிடையாது, பெரிய கட்டு கிடையாது. பல இடங்களில் காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்தக் கண் ஆற எத்தனை நாள் ஆகும், அந்த நாட்களில் வீட்டில் யார் என்ன செய்யவேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "தலைக்கு 40 நாள் தண்ணி ஊத்தக்கூடாது" என்பார் ஒருவர். "மீனே தொடக்கூடாது" என்பார் இன்னொருவர். "ஒண்ணும் வேணாம், எங்க மாமா மறுநாளே லாரி ஓட்டினாரு" என்று மூன்றாவது ஆள் சொல்லி நம்மைக் கலவரப்படுத்துவார்!

என் கட்சி இதுதான் நண்பர்களே. ஆபரேஷன் தியேட்டருக்குள் நடக்கும் 15 நிமிடம் டாக்டரின் பொறுப்பு. அதற்குப் பிறகு வரும் 6 வாரத்தை நாம் முழுக்க முழுக்க நோயாளியின் தலையில் கட்டிவிடுகிறோம். அதுவும் கண் தெரியாத, 60 வயது தாண்டிய, பல நேரம் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் தலையில். கையில் ஒரு அச்சடித்த தாள் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தத் தாள் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டதோ தெரியாது, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருக்கிற வீடுகளை வைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பொறியியல் மாணவன். எங்கள் ஆயாவுக்கு ஆபரேஷன் ஆனபோது வீட்டில் நர்ஸ் வேலை பார்த்தவன், அவ்வளவுதான். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் உங்களுக்குக் கணக்கு.)

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. அது ஒரு மெல்லிய பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. வயது ஆக ஆக அந்த லென்ஸ் மங்கிப்போகிறது. அதுதான் புரை. எங்கள் பக்கம் "கண்ணுல பூ விழுந்துடுச்சு", "சதை வளர்ந்துடுச்சு" என்று எல்லாவற்றையும் ஒரே பேச்சில் சேர்த்துவிடுவார்கள். கருவிழியில் தழும்பு விழுவது வேறு, வெள்ளைப் பகுதியிலிருந்து சதை ஏறுவது வேறு, புரை வேறு.

டாக்டர் என்ன செய்கிறார்? பையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, மங்கிய லென்ஸை வெளியே எடுத்து, அதே பைக்குள் ஒரு செயற்கை லென்ஸை வைக்கிறார். இந்தச் செயற்கை லென்ஸ் வந்த கதையே சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துண்டுகள் புகுந்தும், கண் அதை எதிர்க்காமல் சும்மா இருப்பதைக் கவனித்தவர் லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. 1949ல் அவர்தான் முதன்முதலில் மனிதக் கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் வைத்தார். அந்த லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1992ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 'ஆரோலேப்' என்ற ஆலையைத் தொடங்கி, விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தது. இன்று இலவச முகாமில் போகிறவருக்கும் லென்ஸ் கிடைக்கிறது என்றால் அதில் நம் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். லென்ஸை எடுக்க இரண்டு வழி அதிகம் பயன்படுகிறது. ஒன்று, ஒலி அலையால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஃபேகோ. இதற்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவான திறப்பு போதும். இன்னொன்று, முகாம்களில் அதிகம் செய்யப்படும் சிறு துளை ஆபரேஷன். இதில் திறப்பு சுமார் 6 மில்லிமீட்டர். இரண்டிலும் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. பின் எப்படி மூடுகிறது? சைக்கிள் டியூப்பின் வால்வு மாதிரிதான். திறப்பைச் சாய்வாக, ஒரு மடிப்பு போலப் போடுகிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமே அந்த மடிப்பை உள்ளிருந்து தள்ளி மூடிவைத்துக்கொள்கிறது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் தாளில் இருக்கும் பாதி விதிகளுக்கு அர்த்தம் புரிந்துவிடும். கண்ணைக் கசக்கினால் அந்த மடிப்பு ஒரு நொடி திறக்கலாம். திறந்தால் இமையிலும் தோலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் கிருமி உள்ளே போகலாம். முக்கிக்கொண்டு பாரம் தூக்குவதும், குனிந்து வேலை செய்வதும் முதல் நாட்களில் வேண்டாம் என்பது புண் உறுதியாகும் வரை அதைச் சோதிக்காமல் இருப்பதற்காக. குழாய்த் தண்ணீர் கண்ணில் படக்கூடாது என்பது கிருமிக்காக. சொட்டு மருந்தில் ஒன்று கிருமியைக் கொல்ல, இன்னொன்று (ஸ்டீராய்டு) உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தணிக்க.

ஆயாக்கள் பயப்படுவது எதனால்?

பெரியவர்கள் சொல்லும் பத்தியத்தைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். சிரிக்கவேண்டாம் என்பேன். அதற்கு வரலாறு இருக்கிறது. தையல் இல்லாத ஆபரேஷன், உள்ளே வைக்கும் லென்ஸ் எல்லாம் நம்மூரில் பரவலானது கடந்த முப்பது, முப்பத்தைந்து வருடத்தில்தான். அதற்கு முன் கருவிழி ஓரமாகப் பாதி வட்டத்துக்கு வெட்டி லென்ஸை முழுதாக எடுத்தார்கள். நோயாளி நாள்கணக்கில் மல்லாந்து படுத்திருக்கவேண்டும். தலை அசையாமல் இருக்க இரு பக்கமும் மணல் மூட்டை வைத்த காலமும் உண்டு. இருமக்கூடாது, தும்மக்கூடாது, அழுத்தி மெல்லக்கூடாது. அந்தக் காலத்து நோயாளிக்கு அதெல்லாம் நியாயமான விதிகள்.

அதற்கும் முன்னால்? ஊசியால் லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடும் வைத்தியம் ஊர் ஊராக நடந்தது. உடனே வெளிச்சம் தெரியும், பணம் வாங்கிக்கொண்டு வைத்தியர் கிளம்பிவிடுவார். பிறகு சீழ் பிடித்தும் அழுத்தம் ஏறியும் எத்தனையோ கண்கள் போயின. சென்னைக் கண் மருத்துவமனையின் தலைமை டாக்டராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இப்படிக் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து 1910களின் கடைசியில் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். 1819ல் தொடங்கி இன்று எழும்பூரில் இருக்கும் அந்த மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. நம் ஆட்கள் சர்வசாதாரணமாக "கண்ணாஸ்பத்திரி" என்கிறார்களே, அதேதான்.

ஆக, பயம் சும்மா வரவில்லை. ஆனால் ஆபரேஷன் மாறிவிட்டது, பத்தியம் மாறவில்லை. இன்றைய நிலவரம் இது:

1. மீன், முட்டை, கருவாடு, கத்தரிக்காய் எதற்கும் தடை இல்லை. புண் ஆற நல்ல சாப்பாடு வேண்டும். மலச்சிக்கல் வந்து முக்காமல் இருக்க கீரை, பழம், தண்ணீர் நல்லது. சர்க்கரை இருப்பவர்களுக்கு மட்டும் சர்க்கரைக் கட்டுப்பாடு அவசியம். "ஆபரேஷன் ஆச்சே" என்று சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்துகிறார்கள், அது பெரிய தப்பு.

2. புரை "முத்தணும்" என்று காத்திருக்கத் தேவையில்லை. முற்றிக் கல்லாகிப் போனால் ஆபரேஷன்தான் கஷ்டம்.

3. வெயில் காலத்தில் செய்யக்கூடாது என்பது பழைய பேச்சு. எந்த மாதமும் செய்யலாம். நெற்றி வியர்வை கண்ணில் இறங்காமல் சுத்தமான துணியால் ஒற்றிக்கொண்டால் போதும்.

4. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், பன்னீர், நந்தியாவட்டைப் பூ எதுவும் ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் போகக்கூடாது. எத்தனை ஆசையாக எந்தப் பாட்டி சொன்னாலும் கூடாது.

தாளில் ஒன்று, தெருவில் ஒன்று

இப்போது அந்தத் தாளை எடுத்து எங்கள் ஏரியாவில் வைத்து வரிவரியாகப் படிப்போம்.

"பாரம் தூக்காதீர்கள்." எங்கள் பக்கம் பல வீடுகளில் மெட்ரோ தண்ணீர் அடிபம்ப்பில்தான் வருகிறது. காலையில் எழுந்து குனிந்து குனிந்து அடித்தால்தான் குடம் நிறையும். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் சுமார் 15 கிலோ. வீட்டில் மற்றவர்கள் வேலைக்குப் போனபிறகு தண்ணீர் வந்தால் அடிப்பது யார்? வீட்டில் இருக்கிற கிழவிதான். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் அம்மாக்களைப் பாருங்கள். ஐஸும் மீனுமாக நிறைந்த அன்னக்கூடையைத் தலையில் ஏற்றுவதுதான் அவர்கள் பிழைப்பு. "நாலு வாரம் தூக்காதே" என்பது அவர்களுக்கு "நாலு வாரம் சாப்பிடாதே" என்பது போலத்தான் கேட்கும்.

"தூசு, புகை உள்ள இடங்களைத் தவிர்க்கவும்." எங்கே போய்த் தவிர்ப்பது சார்? எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017ல் மூடிவிட்டார்கள், ஆனால் வட சென்னை அனல்மின் நிலையமும் அதன் சாம்பலும் இருக்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத்திணறலும் கண் எரிச்சலுமாக ஜனங்கள் இருட்டில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரவில் முந்தின வாரம் புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் அந்தத் தெருவில் இருந்திருந்தால்? நினைத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. (இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ரசாயனம் கண்ணில் பட்டு எரிந்தால் "தண்ணீர் படக்கூடாது" என்ற விதி அங்கே செல்லாது. சுத்தமான தண்ணீரால் உடனே, கசக்காமல், நிறைய ஊற்றிக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி.)

"தனி அறையில் ஓய்வெடுக்கவும்." ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். ராத்திரி தூக்கத்தில் பேரன் கை முகத்தில் படாமல் இருந்தாலே அது ஓய்வுதான்.

"மருந்தைத் தவறாமல் போடவும்." இதுதான் உச்சம். எங்கள் ஆயாவுக்கு ஸ்டீராய்டு சொட்டு முதல் வாரம் தினம் 6 முறை, இரண்டாம் வாரம் 5 முறை, அப்புறம் 4, 3, 2, 1 என்று ஆறு வாரம். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 147 சொட்டு. அதில்லாமல் முதல் வாரங்களில் கிருமிக்கான மருந்து தனி. இரண்டு மருந்துக்கும் நடுவே 5 நிமிடம் இடைவெளி. நாமே செமஸ்டர் டைம்டேபிளை மறக்கிறோம்! ஒரு கண் மூடிய, இன்னொரு கண்ணும் மங்கிய கிழவி இந்தக் கணக்கை எப்படி வைத்துக்கொள்வார்?

எங்கள் வீட்டில் செய்தது

பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. சுவரில் இருந்த தினசரி காலண்டர் பக்கத்தில் ஒரு நோட்டுத்தாளை ஒட்டி, 147 கட்டம் போட்டேன். சொட்டு விட்டவர் ஒரு கட்டத்தை அடித்துவிடவேண்டும். காலையில் நான், பகலில் பக்கத்து வீட்டு அக்கா, சாயங்காலம் ஏழாவது படிக்கும் என் தங்கை. தங்கைதான் கறார். ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தால் அம்மாவையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள்.

சொட்டு விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கையை சோப்பு போட்டுக் கழுவவேண்டும். குலுக்கி விடவேண்டிய மருந்தைக் குலுக்கவேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி வெறும் நீர்தான் கண்ணுக்குப் போகும். ஆளைப் படுக்கவைத்து, கீழிமையை மெல்ல இழுத்து, அந்தக் குழியில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக்கூடாது. பிறகு ஓரிரு நிமிடம் கண்ணை மூடியபடி இருக்கவேண்டும். "இன்னும் ரெண்டு சொட்டு சேத்து ஊத்துடா கண்ணு, சீக்கிரம் ஆறும்" என்றார் ஆயா. "ஒண்ணுக்கு மேல கண்ணு புடிக்காது ஆயா, வெளிய வழிஞ்சிடும், காசுதான் வேஸ்ட்" என்றேன். காசு என்றதும் சமாதானம் ஆகிவிட்டார்.

தூங்கும்போது கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி, பகலில் கறுப்புக் கண்ணாடி. கழுத்துக்குக் கீழே குளியல், முகத்துக்கு ஈரத்துணி. தலைக்குக் குளிக்க டாக்டர் நாள் சொன்னபிறகு, ஆயாவைப் பின்னால் சாயவைத்து, தண்ணீர் முன்பக்கம் வழியாமல் அம்மா ஊற்றிவிட்டார். அடிபம்ப் வேலை ஆறு வாரத்துக்கு என்னுடையது. தண்ணீர் மற்ற நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று ஆயா கவலைப்பட்டார், பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவைத்தோம். படிக்கட்டில் மட்டும் தனியாக விடவில்லை. ஒரு கண் பளிச்சென்றும் ஒரு கண் மங்கலாகவும் இருக்கும்போது படியின் ஆழம் சரியாகத் தெரியாது. விழுவதற்கு அதுவே போதும்.

இன்னொரு சின்ன வேலை செய்தோம், இதை எல்லோரும் செய்யலாம். தினமும் காலையில் அதே இடத்தில் ஆயாவை உட்காரவைத்து, நல்ல கண்ணை மூடச்சொல்லி, தினசரி காலண்டரின் தேதி எண் தெரிகிறதா என்று கேட்போம். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். நாளுக்கு நாள் தெளிவு கூடவேண்டும், அல்லது அப்படியே இருக்கவேண்டும். நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினால் அது எச்சரிக்கை மணி.

எப்போது ஓடவேண்டும்?

முதல் சில நாள் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், கொஞ்சம் சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சம் கூசுதல் எல்லாம் சகஜம். ஆனால் இவை வந்தால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது:

- வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது
- பார்வை தெளிந்த பிறகு திரும்ப மங்குவது
- சிவப்பு அதிகமாவது, சீழ் மாதிரி வடிவது, இமை வீங்குவது
- மின்னல் வெட்டுவது போல் தெரிவது, கரும்புள்ளிகள் திடீரென்று நிறைய மிதப்பது, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருப்பது
- கண்வலியோடு வாந்தி

கண்ணுக்குள் கிருமித் தொற்று வந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே காட்டிவிடும். அங்கே மணிக்கணக்குத்தான் கண்ணைக் காப்பாற்றும். ராத்திரியானாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கோ, அது தூரம் என்றால் கண் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி பக்கத்தில்தான். எழும்பூர் போகவேண்டுமானால் பகலில் ஒரு நல்ல வழி உண்டு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டுவிட்டது. ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கலாம். தூசு இல்லை, லாரி இல்லை, லிஃப்ட் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு ஆயாவை அப்படித்தான் அழைத்துப்போனேன்.

ஆறு வாரம் முடிந்ததும் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. சொட்டு தீர்ந்ததும், "இது நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு" என்று மெடிக்கலில் காலி பாட்டிலைக் காட்டி அதையே வாங்கி ஊற்றிக்கொள்வது. ஸ்டீராய்டு சொட்டை டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலியே இல்லாமல் பார்வை நரம்பு கெடும். அது போனால் போனதுதான், எந்த ஆபரேஷனிலும் திரும்பாது. புரையை எடுத்துவிட்டு கிளாகோமாவை வாங்கிக்கொள்வதா? அதே மாதிரி பாதியில் நிறுத்துவதும் தப்பு, உள்ளே வீக்கம் திரும்ப வரும்.

"இவ்வளவு பயமுறுத்தணுமா?"

இந்தக் கேள்வி நியாயமானதுதான். இன்றைய புரை ஆபரேஷன் உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான ஆபரேஷன்களில் ஒன்று. அரவிந்த் மருத்துவமனை டாக்டர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 6 லட்சம் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தார்கள். கண்ணுக்குள் கடுமையான தொற்று வந்தது 10,000க்கு 7 பேருக்கு. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஒரு கிருமிநாசினி மருந்தைச் செலுத்தியவர்களில் அது 10,000க்கு 2 ஆகக் குறைந்தது. ஆகவே ஆபரேஷனைக் கண்டு யாரும் ஒதுங்கவேண்டாம்.

ஆனால் அந்த எண்ணிக்கை ஒரே ஒரு ஆபத்தைப் பற்றியது. மருந்தைப் பாதியில் விட்டவர், விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தவர், படியில் விழுந்தவர், கண்ணாடி வாங்கத் திரும்பப் போகாதவர், இவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இவர்களில் ஒருவருக்குப் பார்வை சரியாக வராவிட்டால் தெருவில் என்ன பேச்சு வரும்? "ஆஸ்பத்திரிக்குப் போனா கண்ணு போயிடும்" என்றுதான். 2008ல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு இலவச முகாமிலிருந்து அழைத்துப்போய் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 66 பேர் அந்தக் கண்ணில் பார்வை இழந்தார்கள். அது நோயாளிகள் தப்பு இல்லை, அவர்கள் வீட்டுத் தப்பும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி இன்னும் ஜனங்கள் மனதில் இருக்கிறது. அப்படி ஒரு பயம் இருக்கிற இடத்தில், வீட்டுக் கவனிப்பு இல்லாமல் கெடும் ஒவ்வொரு கண்ணும் இன்னும் பத்துப் பேரை ஆபரேஷனுக்குப் போகவிடாமல் செய்யும்.

என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரிகளும் அரசும் மூன்று காரியம் செய்யலாம் என்று நினைக்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று. வீட்டுக்கு அனுப்பும் முன், சொட்டு விடப்போகிற ஆளை அங்கேயே ஒரு முறை விடச்சொல்லிப் பார்க்கவேண்டும். சரியாக விட்டால்தான் அனுப்பவேண்டும். கூடவே "உங்க வீட்ல தண்ணி யார் புடிப்பாங்க? பகல்ல கூட யார் இருப்பாங்க? அடுப்பு என்ன அடுப்பு?" என்று மூன்று கேள்வி. தாளில் எழுத்துக்குப் பதில் படமும் கட்டமும் இருக்கட்டும்.

இரண்டு. 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அருமையான திட்டம். புரை ஆபரேஷன் ஆனவர்களின் பட்டியலையும் அவர்கள் கையில் கொடுத்து, முதல் வாரத்தில் இரண்டு தடவை, மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொன்னால் என்ன? சொட்டு சரியாக விடுகிறார்களா, தேதி எண் தெரிகிறதா, சிவப்பு கூடியிருக்கிறதா. மூன்று கேள்விக்கு ஐந்து நிமிடம்தான்.

மூன்று. முகாம் வைக்கும் மாதத்தை ஊருக்குத் தக்கபடி வையுங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஏலக்கூடத்தில் கூட்டம் குறையும், கூடை சுமக்கும் வேலையும் குறையும். ஆறு வார ஓய்வு எடுக்க மீனவர் குடும்பத்துக்கு இதைவிட நல்ல நேரம் வருடத்தில் கிடையாது. வருமானம் குறைந்த நேரம் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவை மட்டும் யாராவது ஏற்றுக்கொள்ளவேண்டும். வெயில் காலம் என்ற பயத்தைப் போக்குவது ஒன்றும் முடியாத காரியம் இல்லை.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். நம்மால் இன்றைக்கே முடிந்தது ஒன்று இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஒரு ஆயாவோ தாத்தாவோ இருக்கிறார்கள். அவர்களில் யாராவது டிவிக்கு மிக அருகில் போய் உட்கார்கிறாரா, ராத்திரி வண்டி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குகிறாரா, அரிசியில் கல் பொறுக்க உங்களைக் கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். ஆபரேஷனுக்கு அழைத்துப்போங்கள். போகும் முன்பே, பகலில் சொட்டு விட யார், தண்ணீர் பிடிக்க யார் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கட்டம் போடுவது கடைசி வேலை, ஒரு நோட்டுத்தாளும் பேனாவும் போதும்.

எங்கள் வீட்டுத் தாளில் 147 கட்டமும் அடித்தாகிவிட்டது. ஆயா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீனு, எனக்கே காட்டுறியா?" என்று மீன்காரரிடம் சண்டை போடுகிறார். அடுத்த கண்ணுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். இந்த முறை கட்டம் போடும் பொறுப்பைத் தங்கையே எடுத்துக்கொண்டாள்.